உன் பெயரில் ஒரு வரி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே மூவரும் சுகம்தான்; நீயும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டோம், இருந்தாலும் ஒரு தடவை எழுதிக் கேட்டால்தான் எனக்கு மனசு ஆறுகிறது. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. போன் இருக்க ஏன் கடிதம் என்பாய். போனை எடுத்தால் உன் தங்கச்சி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். இது அவளுக்குத் தெரியக் கூடாது.

அவள் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து விக்கி எழுதுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஒரே பக்கம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், யார் எப்போது திருத்தினார்கள் என்பது மட்டும் அழியாமல் நிற்குமாம். இவள் எடுத்துக்கொண்டது எங்கள் ஆலைக்குப் பின்னால் போகும் ஓடை. தினமும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஜன்னலில் வரிசையாக வைத்து, அம்மாவிடம் திட்டு வாங்கி, இரண்டு மாதம் கழித்து ஒரு வரி எழுதினாள்: வியாழக்கிழமைகளில் மட்டும் ஓடை கறுக்கிறது. மறுநாள் அந்த வரியைக் காணோம். திரும்ப எழுதினாள், திரும்பக் காணோம். அழித்தவர் பெயர் இல்லை, ஏதோ எண்கள்தான். விடுவாளா அவள், பதினான்கு தடவை எழுதிவிட்டாள். வியாழக்கிழமை கழிவுநீர் வால்வைத் திறப்பது தன் அப்பாதான் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் ஒரு கூத்து. பாஸ்வேர்டைத் தப்புத்தப்பாகப் போட்டு ஆரம்பத்திலேயே அவள் கணக்கு முடங்கிப்போனதாம். அதே பள்ளியில் படித்தபோது நீ வைத்திருந்த கணக்கு இன்னும் திறக்கிறதென்று அதில் புகுந்து எழுதியிருக்கிறாள். பதினான்கு தடவையும் உன் பெயர்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். மேஜையில் அந்த விக்கியில் யார் எப்போது எழுதினார்கள் என்ற பட்டியல், உன் பெயருக்குக் கீழெல்லாம் சிவப்புக் கோடு. "உங்க பையன்தானே? எப்போ வர்றாரு? வந்தா நம்ம ஆளுங்க போய்ப் பார்ப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். போன வருஷம் கழிவுநீரைப் பற்றி வாய் திறந்த மெக்கானிக்கையும் இப்படித்தான் போய்ப் பார்த்தார்கள். இன்னும் கைத்தடியோடு நடக்கிறார். எழுதியது நீ இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ யார் என்பதுதானே. ஆமாம், என் பையன்தான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் தலையில் கட்டிவிட்டேனப்பா, மன்னித்துவிடு. நீ தூரத்தில் இருக்கிறாய், அவள் தினமும் அந்த ஓடைப் பாலத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

அதனால் அடுத்த மாதம் லீவுக்கு வராதே. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. வேலை அதிகம் என்று அம்மாவிடம் நீயே சொல், நான் சொன்னால் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். வேளாவேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட்டை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அப்பா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தங்கச்சி துள்ளிக்கொண்டு வந்தாள். டீச்சர் அவள் கணக்கைச் சரிசெய்து கொடுத்துவிட்டாராம். "இனிமே அண்ணன் பேரு வேண்டாம்ப்பா, நேத்து சாயங்காலமே என் பேர்ல போட்டுட்டேன்" என்கிறாள். சொல்லிக்கொண்டே பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடைக்குக் கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே போகிறேன்.