அப்பா கழற்றாத பலகை

போடிநாயக்கனூர்,
ஞாயிறு மத்தியானம்.

என் அன்பு மகள் மகிமாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்ளத்தான் ஆசை, முடியவில்லை. போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று சிரிப்பாய். போனில் நான் அந்தப் பேச்சை எடுத்தாலே, லேபில் வேலை கிடக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாதே.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. காலையில் கோயிலுக்குப் போகும்போது போடிமெட்டு மலை இருந்தது, வரும்போது இல்லை. மேகம் பஜார் வரை இறங்கிவிட்டது. இன்று கடை அடைப்பு. வீட்டில் எழுத உட்கார்ந்தால் அப்பா எட்டிப் பார்ப்பார் என்று கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். புது ஏலக்காய் வரத்து நன்றாக இருக்கிறது, விலைதான் இல்லை. இத்தனை மூட்டைகளுக்கு நடுவே இருந்தால் அந்த வாசனைக்குக் கண் சொருகும், தெரியும் அல்லவா. சிறு வயதில் நீயும் ஷீபாவும் இங்கேதான் தூங்குவீர்கள், எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டீர்கள். ஷீபா நேற்றுப் பேசினாள். அக்கா என் போனையும் எடுப்பதில்லை என்று குறைப்பட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நானும் உன்னைப் போலவே போனை வைத்துவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மே மாதம் ஹைதராபாத் வந்திருந்தபோது என் கையில் ரத்தம் எடுத்தாய். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் செல்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிடும், பிள்ளை பிறந்து எத்தனையோ வருஷம் ஆனாலும் அங்கேயே உயிரோடு இருக்கும், நாங்கள் அதைத்தான் தேடுகிறோம் என்றாய். ஆண்பிள்ளை பெற்றவர்கள் ரத்தத்தில் ஒய் குரோமோசோமைத் தேடுவது சுலபம், பெண்களுக்கு அது கிடையாதே என்று விளக்கினாய். அந்தச் சோதனை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அது இல்லாத ஒரு ரத்தமும் வேண்டும், இரண்டும் பெண்ணாகப் பெற்ற எங்கள் அம்மா இருக்கும்போது வேறு ஆளை எதற்குத் தேட வேண்டும் என்று சிரித்தாய். ஆண்பிள்ளை இல்லையென்று ஊரில் நான் வாங்கிய பேச்செல்லாம் இன்றைக்கு விஞ்ஞானத்துக்காவது உதவட்டும் என்று கையை நீட்டினேன்.

அந்த ரத்தத்தில்தான் அந்த ஒய் இருந்தது. உன் லேபில் வேலை பார்க்கும் பிரின்ஸ் தம்பிதான் கையுறை போடாமல் தொட்டிருப்பான் என்று அவனைத் திட்டினாய். பாவம், அவன் எல்லாவற்றையும் துடைத்துக் கழுவித் திரும்பவும் பார்த்தான். திரும்பவும் இருந்தது. அப்புறம்தான் கேட்டாய், எனக்கு முன்னால் உங்களுக்கு ஏதாவது கலைந்ததா அம்மா என்று.

கலைந்தது மகிமா. ஐந்தாம் மாதம். தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில். என்ன பிள்ளை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்க வாயெடுத்தபோது பக்கத்தில் நின்ற உன் பெரியத்தை, "கேக்காத ஆத்தா, அழுவாத. அழுதா அடுத்தது தங்காதுன்னு பெரியவுக சொல்லியிருக்காக" என்று வாயைப் பொத்தினார்கள். நான் கேட்கவில்லை, அழவும் இல்லை. அடுத்து நீ தங்கினாய். தங்கிய பிறகு அழலாமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஆண்பிள்ளைதான் என்பது உன் வாயால் போன வாரம் தெரிந்தது. அந்த நேரம் நான் அடுப்படியில் நின்றிருந்தேன். பால் பொங்கி வழிந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று கேட்காதே.

நான் பதில் சொல்லும் முன்னே நீ உன் படிப்பைக் காட்டினாய். உறுதியாகச் சொல்ல முடியாது அம்மா, உங்களுக்கு முன்னால் பிறந்த எபனேசர் மாமாவின் செல்லாகக்கூட இருக்கலாம், ஆச்சி வயிற்றில் தங்கியது உங்களுக்கு வந்திருக்கலாம் என்றாய். இந்த வயதில் எங்கள் அண்ணன் எனக்குள் உட்கார்ந்து ஏலக்காய் விலை பேசுகிறார் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது என் பிள்ளைதான்.

அன்றிலிருந்து கையில் வேலை இருக்கும்போதே மனம் எங்கோ போய்விடுகிறது. இப்போது எங்கே இருப்பான், நெஞ்சிலா, முட்டியிலா என்று தேடுகிறேன். இந்தச் செல்கள் காயம் ஆற உதவும் என்று சிலர் சொல்கிறார்கள், இன்னும் நிரூபிக்கவில்லை என்றாய். கஞ்சி கொட்டி வெந்துபோன என் இடது கை சுவடு தெரியாமல் ஆறியதே, அதைப் பார்க்கிறேன். நீங்கள் நிரூபிக்கும்போது நிரூபியுங்கள். நான் அந்தக் கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீயும் ஷீபாவும்கூட அங்கேதான் இருப்பீர்களாமே. வீடு நிறையப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறது.

இதை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். நம் கடைப் பலகை உனக்குத் தெரியும். பொன்னுராஜ் அண்ட் சன்ஸ். ஏலக்காய் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் "சன்ஸ் எங்க அண்ணாச்சி, லீவா?" என்று கேலி செய்வார்கள். நீ காலேஜ் படிக்கும்போது அதை மாற்றச் சொல்லி ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. நான் அந்த முதல் பிள்ளையை உண்டாகியிருந்தபோது அவர் அவசரப்பட்டு எழுதிய பலகை அது. பிள்ளை பிறக்கும் முன்னே பெயிண்டரைக் கூப்பிட்டுவிட்டார். அப்புறம் பெயிண்ட் உரிய உரிய அதையே திரும்ப எழுதினாரே தவிர, கழற்றவில்லை. பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்தேன்.

முந்தாநாள் அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் சொன்னேன், அன்றைக்குப் போனது ஆண்பிள்ளையாம், மகிமா ரத்தத்தில் கண்டுபிடித்திருக்கிறாள் என்று. அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும் பாக்கியம். நாந்தான துணியில சுத்திக் கையில வாங்கிட்டுப் போனேன். ஒன் மூக்குதான் அவனுக்கு."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் மகிமா. நான் கேட்டால் அவருக்கு வலிக்கும் என்று நான் கேட்கவில்லை. சொன்னால் எனக்கு வலிக்கும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு இருந்தது அந்தப் பலகை ஒன்றுதான். எனக்கு அதுகூட இல்லை. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதோம். பக்கத்து வீட்டுச் சாராள் எட்டிப் பார்த்துவிட்டு, யார் இறந்தது என்று கேட்டாள். அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டே, மூத்த பையன் என்றார். அவள் குழம்பிப்போய்த் திரும்பிவிட்டாள்.

இப்போது உன்னைப் பற்றி. உனக்குக் கலைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கையோடு லேபுக்குப் போய்விட்டாய். நான் அழுதபோது, நாலு மாதம்தானே, வெறும் செல்கள்தானே அம்மா என்றாய். வெறும் செல்லா அது? உன் அண்ணனையே ஒரு சொட்டு ரத்தத்தில் தேடிப் பிடித்துக் கொடுத்த பெண், உன் பிள்ளையை வெறும் செல் என்று சொல்லலாமா? அது உன்னை விட்டு முழுசாகப் போகவில்லை என்று உலகத்தில் எல்லாரையும்விட உனக்குத்தானே நன்றாகத் தெரியும்?

அஜய் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்கிறார். உனக்குத் தெரியாமல், மாடிப்படியில் நின்றுகொண்டு. "அவளா பேசட்டும்னு இருக்கேன் அத்தை" என்கிறார். நீ அவர் பேசட்டும் என்று இருப்பாய். நானும் அப்பாவும் அப்படி இருந்து பார்த்துவிட்டோம். நீங்களும் இருக்க வேண்டாம். இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார். என்ன பெயர் வைக்க நினைத்திருந்தீர்கள் என்று கேள். அது போதும், மீதி தானாக வரும்.

கோயிலில் எல்லாரும் பந்தியில் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு இரண்டு பேரும் ஊருக்கு வாருங்கள். கிட்டங்கியில் பாய் விரித்து வைக்கிறேன், வந்து தூங்கு. நாங்கள் எழுப்ப மாட்டோம்.

உண்டாகியிருக்கிறேன் என்று நீ சொன்ன அன்று, இனி இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு என்றேன். அந்தப் பேச்சை நான் இன்னும் திரும்ப வாங்கவில்லை மகிமா. வேளைக்குச் சாப்பிடு.

ஆண்டவர் உங்களை, அங்கே இருக்கிற எல்லாரையும், காப்பாராக.

அன்புள்ள அம்மா,
ஞானபாக்கியம்