நீ குடித்துக் காட்டிய தண்ணீர்

ஜூலை 9, காலை 7.20. பன்னிரண்டு பாட்டில்கள் வைத்தேன். நான்கு கறுத்துவிட்டன.

அழுகிய முட்டை நாற்றம். கறுத்த பாட்டிலைத் திறக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்பவன் நான்தான். ஆனாலும் நான்காவதன் மூடியைத் திருகி முகர்ந்தேன். அது உன் தெருக் குழாயில் பிடித்த தண்ணீர். இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதே குழாய், இதே நாற்றம். அப்போது நீ இருந்தாய்.

இந்தப் பாட்டிலில் பெரிய வித்தை எதுவும் இல்லை. உள்ளே மருந்து தோய்த்த ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். தண்ணீரை ஊற்றி ஒரு நாள், இரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், சாக்கடை கலந்த தண்ணீர் கறுக்கும். உனக்கு இதை விளக்க இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்தை நான் உனக்குக் கொடுக்கவே இல்லை.

உன்னை எல்லோரும் இப்போது மூடன் என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. சித்தூரில் நாம் டிப்ளமோ படித்த மூன்று வருஷமும் உன் சட்டைப் பையில் பேனா இருந்ததோ இல்லையோ, டெஸ்டர் இருந்தது. குடிபாலா பக்கம் ஒரு மோட்டார் கொட்டகையில், "கரண்டு இல்ல நைனா, தைரியமா தொடு" என்று நிலத்துக்காரர் சொன்னபோது நீ சிரித்தாய். "உங்க வாய் சொன்னா போதாது பெரிப்பா. லைட்டு சொல்லட்டும்." வைத்துப் பார்த்தாய். லைட்டு எரிந்தது. டெஸ்டர் வைக்காமல் ஒயரைத் தொடாதவன், சாக்கடைத் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டான். இரண்டு பேரும் நீதான். இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

அந்த டேங்கைக் கட்டியது உன் கட்சி. மோட்டாருக்கு ஒயர் இழுத்தது நீ. கம்பத்தில் கட்டிய ஏணியில் தொங்கிக்கொண்டு டேங்குக்குக் கட்சிக் கலர் அடித்ததும் நீ. ஆக, டேங்கைப் பற்றி ஒரு சொல் சொன்னால் அது உன்னைப் பற்றிச் சொன்னதுதான். டேங்கில் கோளாறே இல்லை. காலனிப் பக்கம் சாக்கடைக்குள்ளாக உங்கள் தெருக்களுக்குப் போகும் பைப்பில் விரிசல். ஆனால் அதைக் கேட்கிற நிலையில் யார் இருந்தார்கள்? தேர்தலுக்கு இருபது நாள்.

ரேணிகுண்டாவில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலையிலிருந்து நான் லீவுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் பிடித்தேன். பாட்டில் கறுத்ததும் உனக்குப் போன் செய்தேன். நீ பிரசாரத்தில் இருந்தாய், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், எடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. டீக்கடையில் எதிர்க்கட்சி ஏஜெண்ட் உட்கார்ந்திருந்தார். அவர் போனுக்குப் போட்டோவை அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் அந்தப் போட்டோவுக்கு மேலே கொடி முளைத்தது. கீழே 'விஷத் தண்ணீர்' என்று எழுத்து. நான் விஷம் என்று சொல்லவில்லை. திருத்தவும் இல்லை. எனக்குக் கட்சி கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன், பரவட்டும் என்று பேசாமல் இருந்தேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டுகூட இருந்தேன்.

மறுநாள் காலை உன் தெருக் குழாயடியில் நீ நின்றுகொண்டிருந்தாய்.

"இன்னாடா மச்சான், அவனுங்ககிட்ட போய் ரிப்போர்ட் குடுத்துக்கினு வந்துட்டே? சீட்டு ஏதாச்சும் தரேன்னாங்களா?"

"பாட்டில் கறுத்துக் கீது. கண்ணு இல்லயா உனக்கு?"

"பாட்டிலு உன்னுது. தண்ணி புடிச்சது நீ. கறுத்துச்சுன்றதும் நீ. இதுல நான் எங்கடா கீறேன்?"

நியாயமான கேள்வி. அன்று அது எனக்குக் கேள்வியாகவே படவில்லை. "படிச்சவன்தானடா நீ? இல்ல, டிப்ளமோவும் கட்சி ஆபீஸ்ல குடுத்ததா?" என்றேன். கூட்டம் சிரித்தது. உன் ஆட்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு உனக்கு வேறு வழி இருக்கவில்லை. டீக்கடை டம்ளரை வாங்கினாய். குழாயைத் திறந்தாய். நாலைந்து போன்கள் மேலே எழுந்தன. ஒரே மூச்சில் குடித்தாய். இன்னொன்றும் பிடித்தாய். "பாத்துக்கோங்க. இது நம்ம தண்ணி" என்றாய். கை தட்டினார்கள். அந்த டம்ளரை நான் தட்டிவிட்டிருக்கலாம். டம்ளருக்கும் எனக்கும் ஒரு கை தூரம். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் நீயே போன் செய்தாய். குரல் வறண்டு கிடந்தது.

"மச்சான், வயிறு சரியில்லடா. மாங்கா ஜாஸ்தியா துன்னுட்டேன் போல கீது."

"மாங்காயா? இப்பவாச்சும் ஒத்துக்கோ, தண்ணிதான்னு."

  "சரி, வெச்சுடறேன்" என்றாய்.

ஒத்துக்கொண்டு நீ திரும்பக் கூப்பிடுவாய் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதியை உன் அம்மா சொன்னார். சுகாதார நிலையத்து வாசலில் எதிர்க்கட்சி ஆட்கள் இரண்டு பேர் போனும் கையுமாக நின்றார்களாம், யார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று படம் எடுக்க. "நான் அங்க போனா அந்த ஒரு வீடியோ போதும்மா, எலெக்ஷன் போச்சு. மீட்டிங் முடியட்டும், போறேன்" என்றாயாம். மீட்டிங் முடிவதற்குள் நீ எழுந்து நிற்க முடியாமல் போனாய். ஆட்டோவில் போட்டுச் சித்தூருக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. நான்கு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாய். அதைத் தவிர வேறொன்றும் தேவைப்பட்டிருக்காது.

உன் கட்சி உன் சாவை ஹார்ட் அட்டாக் என்றது. எதிர்க்கட்சி உன் படத்தையே ஃப்ளெக்ஸில் போட்டு ஓட்டுக் கேட்டது. காரியத்தன்று உன் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஒருத்தங்க ஹார்ட்டுன்றாங்க, ஒருத்தங்க தண்ணின்றாங்க. நீ படிச்ச புள்ள. நீ சொல்லு நைனா, எதுல செத்தான் என் புள்ள?"

"தண்ணிதாம்மா."

"அப்போ அவன் குடிக்கிறப்பவே உனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆட்சி மாறியது. டேங்குக்குப் புதுக் கலர் வந்தது. பைப்பை யாரும் தொடவில்லை. அன்று என் போட்டோவை ஊரெல்லாம் பரப்பிய அதே ஏஜெண்ட் இன்று டேங்குக்குப் பொறுப்பு. முந்தாநாள் நான் குழாயடியில் நிற்பதைப் பார்த்து, "இன்னா தம்பி, மறுபடியும் பாட்டிலா? இப்போ அவங்க ஆளா மாறிட்டியா?" என்றார். நேற்று உன் பழைய கூட்டாளி போன் செய்தான். "பிரதர், கறுத்துச்சுன்னா ஒரு போட்டோ தள்ளு. இந்த வாட்டி நாங்க நம்பறோம்." அதே பாட்டில், அதே காகிதம். நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

போட்டோ எடுத்துவிட்டேன். 7.21க்கே எடுத்துவிட்டேன். பெருவிரல் அவன் பெயர் மேல் போய் நின்றது. அப்போதுதான் நான்காவது பாட்டிலைத் திறந்தேன். நீ குடித்தது எப்படி நாறியிருக்கும் என்று பார்க்கத்தான். இரண்டு நாள் மூடி வைத்ததால்தான் இது நாறுகிறது. நீ குடித்தபோது ஒரு நாற்றமும் இருந்திருக்காது. சுத்தமாகத்தான் தெரிந்திருக்கும்.

இனி செய்யப்போவது:

1. போட்டோவை அழிக்க வேண்டும். அழித்துவிட்டேன்.

2. பத்து மணிக்குள் தண்ணீர் கறுத்த நான்கு தெருவிலும் வீடு வீடாகப் போய்க் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்வேன். காரணம் கேட்டால் பைப்பில் விரிசல் என்பேன். யார் ஆட்சியில் விழுந்த விரிசல் என்று கேட்டால் அடுத்த வீட்டுக்குப் போவேன்.

3. புதுப் பாட்டில்களை ஏஜெண்ட் கையிலும் உன் கூட்டாளி கையிலும் ஒரே நேரத்தில் கொடுப்பேன். அவர்களே பிடிக்கட்டும், அவர்களே பெயர் எழுதட்டும், அவரவர் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். கறுப்பதை அவரவர் கண்ணால் பார்க்கட்டும். 'இதுல நான் எங்கடா கீறேன்' என்று நீ கேட்டதற்கு என் பதில் இது. தாமதம்தான்.

4. உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டுகளை உன் வீட்டில் வைப்பேன். வாசலில் படம் எடுப்பார்கள் என்று பயப்படுகிறவர்கள் கொல்லைப் பக்கமாக வரலாம். அம்மாவிடம் போனில் கேட்டுவிட்டேன். "எந்தக் கட்சின்னு கேக்க மாட்டேன். எத்தினி வாட்டி போச்சுன்னுதான் கேப்பேன்" என்றார்.

5. வறண்ட குரலில் யாராவது போன் செய்தால், மாங்காய் என்று சொன்னாலும் மாங்காய்தான் என்பேன். "எங்க கீறே?" என்று கேட்பேன். வண்டியை எடுப்பேன்.