ஏலக்காய் மாலையும் தாய்மாமன் தட்டும்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல மகள் ஸ்நேஹாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் வேண்டாம்மா என்றுவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். தமிழ் வாசிக்கத் தடுமாறினால் வாய்விட்டுப் படி, வந்துவிடும். லீவு முடிந்து அங்கே திரும்புகிற சேவியர் சேட்டன் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். கூட ஒரு சின்னப் பொட்டலமும் இருக்கும், அதைக் கடைசியில் பிரி.

நீ படம் அனுப்பிய ஹோட்டல் மண்டபம் அழகுதான். ஆனால் அந்த மேடையில் யார் நின்றாலும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள், இது ஸ்நேஹா கல்யாணம் என்று எதை வைத்துச் சொல்வது? எனக்குத் தலைக்குள் யோசனை மேல் யோசனையாக வருகிறது. நம் தெருவிலேயே பந்தல் போடுவோம். நானும் ஷபானாவும் கொச்சங்காடி குடோனில் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறோம், நம் பிள்ளைக்கு ஒரு மாலை கோர்க்க மாட்டோமா? பச்சை ஏலக்காயில் உனக்கு ஒன்று, ரதீஷுக்கு ஒன்று. பந்தியில் நம் சாம்பாரும் இருக்கும், மாப்பிள்ளை வீட்டு ஓலனும் அடைப்பிரதமனும் இருக்கும். ரதீஷின் அம்மா அம்பிளி சேச்சியிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். அடிபொளி என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தியம்மா வாயில் அந்தக் காலேஜ் பிள்ளைகள் வார்த்தையைக் கேட்டு அப்பாவால் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மலையாளத்து மாப்பிள்ளை என்ற கோபத்தில் உன் மாமா இசக்கிதுரை கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டான் அல்லவா, அதற்காகத் தாய்மாமன் சடங்கையே விட்டுவிடலாம் என்று போன வாரம் சொன்னாய். எனக்காகத்தான் சொன்னாய், தெரியும். ஆனாலும் வலித்தது. என் பக்கத்திலிருந்து ஒருவர் சேலையும் மாலையும் தட்டில் ஏந்தி மேளத்தோடு வந்து, உன்னைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிப்போகவில்லை என்றால் எனக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லை என்று ஆகிவிடாதா? இதை வேலைக்கு நடுவில் ஷபானாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் என்னைச் சிரிக்க வைக்கத்தான் இடது கையைத் திருப்பிக் காட்டினாள். இது ஆரு கடிச்சதா அக்கா, நின்றெ மோளு தன்னெ என்றாள், நீ கடித்ததைத்தான் சொல்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்குக் காது குத்திய அன்று ஹர்த்தால். மாமா வந்த பஸ் எல்லையிலேயே நின்றுவிட்டது. ஆசாரி மட்டும் நடந்தே வந்துவிட்டார், நல்ல நேரம் போகிறது, நீயோ யாரிடமும் போகாமல் அலறுகிறாய், கடைசியில் வேடிக்கை பார்க்க வந்த ஷபானா மடியில் ஏறிக்கொண்டாய். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டிய காதை அவள் மடியில் வைத்துத்தான் குத்தினோம். வலியில் அவள் கையைக் கடித்தும் வைத்தாய். தழும்பு ஒன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை, இருக்கிறது என்று அவள் சாதிக்கிறாள்.

அந்த இடத்திலேயே கேட்டுவிட்டேன், தாய்மாமன் தட்டை நீதான் எடுத்து வர வேண்டும் என்று. ஐயோ ஞானோ, ஆள்கார் எந்து பறயும் என்று ஊர்வாய்க்குப் பயந்து முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். அப்பாவும் முதலில் தலையைச் சொறிந்தார். பொம்பளை, அதுவும் வேறு மதம், சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்களே என்றார். சுளிக்கட்டும், இலை போட்டதும் சரியாகிவிடும் என்றேன். மறுநாள் காலையில் பார்த்தால் அவரே வெற்றிலை பாக்கோடு ஷபானா வீட்டுக்குப் போய் முறையாக அழைத்துவிட்டு வந்து நிற்கிறார்! அவள் வாசலிலிருந்து நம் பந்தல் வரை மேளத்தோடு தட்டு வரப்போகிறது. அதற்குள் சேலையும் எடுத்துவிட்டாள், எனக்குக்கூடக் காட்டமாட்டேன் என்கிறாள். இது எப்படியோ ஊருக்கு எட்டி நேற்று இசக்கிதுரை போன் செய்தான். என் இடத்தில் இன்னொருத்தியா, நானே வருகிறேன் என்று குதித்தான். வாடா தம்பி, உனக்கும் ஒரு பழத்தட்டு வைத்திருக்கிறேன், ஆனால் ஷபானாவுக்குப் பின்னால்தான் நடந்து வர வேண்டும் என்றேன். அப்புறம் பந்தல் எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டான். வந்துவிடுவான், பாரேன்.

இனி உன் சம்மதம்தான் வேண்டும். ஷபானா இப்போது வேறு யாருக்கும் பயப்படவில்லை, நீ என்ன சொல்வாயோ என்றுதான் பயப்படுகிறாள். பொட்டலத்தைப் பிரி, அவள் கோர்த்த ஏலக்காய் மாலையில் ஒரு சாண் இருக்கும், முகர்ந்து பார். நீயும் ரதீஷும் மனசு நிறைந்து வாழ வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. டியூட்டிக்குப் போகும் முன் சாப்பிட மறக்காதே. வேண்டாம் என்று தோன்றினால் என்னிடம் சொல், நான் பக்குவமாக அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். சரி என்றால் என்னிடம் சொல்லாதே, அவளுக்கே போன் செய். எப்போதும் போல அக்கா முறையில் இத்தா என்று கூப்பிடாமல், ஒரே ஒரு தடவை மாமா என்று கூப்பிடு.

உன் அம்மா,
மாயம்மாள்