பிடிக்கவும் விடவும் தெரிந்த பசை

மார்ச் 3, திங்கள்

இன்றும் விடவில்லை! ஒட்டுவதில் ஒரு குறையும் இல்லை. செருப்பின் அடியும் மேல்தோலும் உடும்புப் பிடியாய்ப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நான் செய்ய வந்தது அதுவா? தேய்ந்த செருப்பைச் சூடாக்கினால் அடி வேறு, தோல் வேறு என்று கழன்று வர வேண்டும், இரண்டையும் மறுபடி பயன்படுத்த. அதற்காகத்தான் இந்தப் பசையில் இரண்டு வகை மூலக்கூறுகளைக் கைகோக்க வைத்தேன். நூற்றிருபது டிகிரியில் கையை விட்டுவிடுமாம். புத்தகத்தில் விடுகிறது. என் மேசையில் மாட்டேன் என்கிறது, கழுதை.

மார்ச் 4

மேனேஜர் வந்தார். "வெள்ளிக்கிழமை செருப்புக் கம்பெனிலேர்ந்து வர்றாங்க. அன்னைக்கும் கழலலேன்னா ஆராய்ச்சி போதும்மா. சோப்புப் பிரிவுல ஆள் கேக்கறாங்க."

சோப்பா! ஆயுசு முழுக்க நுரை அளக்கவா? மாட்டேன், மாட்டேன், மாட்டேன்.

வீட்டில் அழாத குறையாகச் சொன்னால் இவர் சிரிக்கிறார். "நம்ம கல்யாணத்துக்கும் அந்தப் பசைதான் போட்டிருப்பாங்க. எவ்வளவு சூடானாலும் நீ விடலையே!" தலையணையால் நாலு சாத்து சாத்தினேன்.

மார்ச் 5

ஐயோ ஐயோ ஐயோ — கண்டுபிடிச்சிட்டேன்!

பசை இறுகுவதற்காகத் துண்டுகளை எண்பது டிகிரி ஓவனில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். இன்று காலை எடுக்கும்போது தட்டில் நீலமாய் ஏதோ வழிந்து உறைந்திருந்தது. நேற்றுத் தொலைந்த என் பேனா மூடி! அந்தப் பிளாஸ்டிக் எண்பதில் உருகவே உருகாதே, நூற்றறுபதாவது வேண்டுமே? ஓவனோ ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி எண்பது என்று காட்டுகிறது.

அவ்வளவு சூட்டில் என் மூலக்கூறுகளில் ஒரு வகை ஜோடியை மறந்து தன் இனத்தையே கட்டிக்கொள்ளும். அந்தப் பிடி பிறகு எதற்கும் விடாது. சரி, சூட்டை ஏற்றியது யார்?

பக்கத்து மேசைப் பெயிண்ட் அக்காவிடம் போய் நின்றேன்.

"நாந்தான்டி. நீ போனப்புறம் என் பெயிண்ட் அடிச்ச தகடு காய நூத்தியெண்பதுக்கு ஏத்துவேன். கிளம்பறப்போ பழையபடி எண்பதுல வெச்சிடுவேன். உனக்குத் தொந்தரவு வேணாமேன்னு!"

"அடிப்பாவி அக்கா! என் துண்டெல்லாம் உள்ளதானே இருந்துச்சு?"

"அதைத்தான் ஓரமா தள்ளி வெச்சேனே!"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். புதுத் துண்டுகள் உள்ளே போயாயிற்று. ஓவன் கதவில் அக்காவே எழுதி ஒட்டினாள்: "தொட்டால் கை இருக்காது."

மார்ச் 6

விட்டது! விட்டது! விட்டது!

மார்ச் 7

கம்பெனியிலிருந்து வந்தது ஒரு பெரியம்மா. சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கும் முகம். செருப்பைச் சூடாக்கினேன், அடி வழுக்கிக்கொண்டு கழன்றது. அவர் கேட்டார்: "ஆறினா மறுபடி ஒட்டுமா?"

அதை நான் பார்க்கவே இல்லையே! "ஒட்டும்," என்றேன். வாய் முந்திக்கொண்டது.

சேர்த்து இறுக்கிவிட்டு டீ குடித்தோம். ஆறியதும் அந்தம்மா எடுத்து இழுத்தார். வரவில்லை. மேசைக்காலில் மாட்டி, மூச்சைப் பிடித்து இழுத்தார். மேசைதான் நகர்ந்தது.

அந்தம்மா சிரித்துவிட்டார்.

மார்ச் 17

சோப்புப் பிரிவுக்கு வேறு யாரோ போயிருக்கிறாராம்.

செருப்புக் கம்பெனி பீப்பாய்க் கணக்கில் பசை கேட்டிருக்கிறது. டம்ளர் அளவுக்கு மேல் நான் காய்ச்சியதே இல்லை. பாத்திரம் வேண்டும் என்றேன். "எவ்வளவு பெருசு?" என்றார் மேனேஜர். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். போதவில்லை. பெயிண்ட் அக்காவைக் கூப்பிட்டு, அவள் கையையும் சேர்த்து விரித்துக் காட்டினேன்.