கம்பி முனையில் ஒரு மூடி

ஆகஸ்ட் 2

என் ஒலிபெருக்கிக்கு,

முப்பது வருடப் பழைய கணினி இன்றைய இணையத்துக்குள் போய் என்னதான் செய்யும்? உன் கடிதம் வந்ததிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள், எனக்கே பதில் தெரியவில்லை.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். இழுத்து மூடிய உன் பழைய அலுவலகத்திலிருந்து மூன்று கணினிகளைக் குப்பைக்குப் போகாமல் தூக்கிவந்து பின்னறையில் வைத்திருக்கிறாய். மகன் வேலை மாற்றிக்கொண்டு வீட்டுக்கே வருகிறான். அறை வேண்டும். உன் வீட்டுக்காரர் சொன்னாராம்: "இதுங்க வெளியுலகத்தோட ஒரு வார்த்தை பேசட்டும், ரூம் உனக்கு. இல்லேன்னா 28ஆம் தேதி தச்சர் வர்றார், அலமாரி அடிக்க." நியாயமான மனிதர். அதனால்தான் எனக்குக் கவலை. நியாயமான மனிதர்களிடம் தோற்றால் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது.

மூன்றையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு அறையைக் கொடுத்துவிடேன்.

ஃபோனில் கேட்கலாமே என்பாய். ஃபோனில் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன். கடிதத்தில்தான் எனக்கு என் முறை கிடைக்கிறது.

உன்,
சந்தேகப் பிராணி

&nbsp;

ஆகஸ்ட் 7

அடியே சந்தேகப் பிராணி,

படம் எடுத்து வைத்துக்கொள்ளவா? உன்னையும் அப்படியே செய்திருக்கலாம், விடுதியில் ஒரே அறையில் உன்னோடு குப்பை கொட்டியதற்கு!

விஷயம் இதுதான். நான் சம்பளம் வாங்கிய ஒரே இடம் அது. அந்த மூன்றையும் ஒரே கறுப்புக் கம்பியில் கோத்து ஒன்றோடொன்று பேசவைத்தது நான். மேலாளர் வெளியாள் வரவேண்டும் என்றார். வெளியாள் வருவதற்குள் நான் முடித்துவிட்டேன். பிறகு கல்யாணம், குழந்தை, அவ்வளவுதான். இப்போது வீட்டில் யாராவது கேட்டால் "அவளுக்குக் கம்ப்யூட்டர்னா ஆசை" என்கிறார் இவர். ஆசையாம்! மீன் தொட்டி வளர்க்கிற மாதிரி.

நீ சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. இணையத்தில் இப்போது பக்கங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. அந்தப் பூட்டுக்கு என் மூன்று கணினிகளிடமும் சாவி கிடையாது. படமும் சினிமாவும் எனக்கு வேண்டாம். ஒரு வரி தட்டினால் அது உன் மடிக்கணினியில் வந்து விழவேண்டும், அவ்வளவே. அதற்கு ஒரு சின்ன நிரல் நானே எழுதிவிட்டேன். உனக்கும் அனுப்பியிருக்கிறேன், போட்டு வை.

இடிக்கிற இடம் வேறு. என் கம்பிக்கு உருண்டை முனை. வீட்டு இணையப் பெட்டியில் சதுரத் துளை. இரண்டும் உள்ள பழைய இணைப்புப் பெட்டி ஒன்று வேண்டும். கடை கடையாகக் கேட்டாயிற்று. "அக்கா, இதெல்லாம் மியூசியத்துல கேளுங்க" என்கிறான் ஒருவன். உன் கல்லூரி ஆய்வகமும் ஒரு மியூசியம்தானே. தேடிப் பாரேன்.

உன்,
ஒலிபெருக்கி

&nbsp;

ஆகஸ்ட் 11

ஒலிபெருக்கிக்கு,

கிடைத்தது. எங்கள் ஆய்வகத்தில் ஓர் அலமாரியின் கால் குட்டை. அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. உதவியாளர் அலறினார்: "மேடம், அதை உருவாதீங்க, ஆசிட் பாட்டில் எல்லாம் தலையில வந்துடும்." துறையின் பழைய ஆண்டறிக்கைகளைக் கீழே திணித்தேன். முதன்முறையாக அவை எதையோ தாங்குகின்றன. துறைத் தலைவியிடம் கேட்டுத்தான் எடுத்தேன். "எங்கிருந்தது?" என்றார். அதோடு சரி.

கூரியரில் வருகிறது. வேலை செய்யும் என்று நான் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பூட்டே இல்லாத பழைய கணினியை நேராகத் தெருவில் விடுவதுபோல் ஆகாதா? வேண்டாதவர்கள் நுழைந்தால்? யோசித்துச் செய்.

உன்,
ச. பிராணி

&nbsp;

ஆகஸ்ட் 18

அடியே,

அதை நான் யோசிக்காமல் இருப்பேனா? மூவரையும் வீட்டின் மற்றக் கருவிகளோடு ஒட்டவிடாமல் தனியாக வைத்து, ஒரே ஒரு கதவு விட்டிருக்கிறேன். அந்தக் கதவும் உனக்கு மட்டும்தான் திறக்கும். உன்னைவிட வேண்டாதவர் யார்?

உன் பெட்டி வந்த அன்றே மாட்டினேன். விளக்கு எரிந்தது! இணையத்துக்குள் ஒரு சோதனைக் குரல் கொடுத்துப் பார்த்தேன், பதில் வந்தது. அறையில் நான் மட்டும். எழுந்து நின்று கைதட்டினேன், பைத்தியம் மாதிரி. இவர் ஊரில் இல்லை.

இவர் திரும்பிய மறுநாள் உட்காரவைத்துக் காட்டினேன். ஒன்றுமில்லை. மூன்றும் ஊமை. ஒன்றோடொன்றுகூடப் பேசவில்லை. "பேசுச்சுன்னு நீ சொல்ற. நான் பார்க்கலையே" என்றார், கேலிகூட இல்லாமல். மூன்றையும் பிரித்துத் துடைத்தேன். உன் பெட்டியைப் பிரித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் பேச்சில்லை. தச்சருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

கை ஓய்ந்துவிட்டது. நீ சொன்னதே சரியாக இருக்கட்டும்.

உன்,
ஒ.

&nbsp;

ஆகஸ்ட் 22

அன்புத் தோழிக்கு,

நான் சொன்னது சரியாக இருப்பதில் எனக்கு விருப்பமில்லை. இதை எழுதுவதற்குள் இரண்டு தாள் கிழித்துவிட்டேன்.

உன்னைக் கேலி செய்துகொண்டே நீ செய்ததை நினைத்துப் பார்த்தேன். யாரும் கற்றுத்தராத ஒன்றை அன்று அலுவலகத்தில் செய்தாய், இன்று பின்னறையில் மறுபடி செய்திருக்கிறாய். என் மாணவர்களில் ஒருத்தி இதைச் செய்திருந்தால் கல்லூரி முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன்.

இரண்டு கேள்விகள். மூன்றும் ஒரே சமயத்தில் ஊமையானால் கோளாறு அவற்றில் இருக்காது, அவற்றுக்குப் பொதுவான கம்பியில் இருக்கும். கம்பியின் இரு முனையிலும் மூடி இருக்கவேண்டும் அல்லவா? மூடி இல்லாவிட்டால் போன சைகை முனையில் மோதித் திரும்பி வந்து, பின்னால் வருவதோடு முட்டிக்கொள்ளும். உனக்குத் தெரியாததில்லை. நீயே மாட்டியது என்பதால் பார்த்திருக்கமாட்டாய்.

இரண்டாவதைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. உன் வீட்டுக்காரர் அந்த அறைக்குள் போனாரா?

உன்,
ச. பிராணி

&nbsp;

ஆகஸ்ட் 27

என் ஒலிபெருக்கிக்கு,

இன்று மாலை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மடிக்கணினியில், பல நாளாக வெறுமையாகத் திறந்துகிடந்த உன் நிரலின் கறுப்புச் சட்டத்தில் ஓர் எழுத்து வந்தது. பிறகு இன்னொன்று. ஆங்கில எழுத்தில் தமிழ், அத்தனையும் பெரிய எழுத்து: "அடியே இருக்கியா."

"ஏண்டி கத்துற?" என்று தட்டினேன்.

"என் நிரலுக்குச் சின்ன எழுத்தே தெரியாதுடி. என்னை மாதிரி."

அப்புறம் நீ சொன்ன கதையை இன்னும் நினைத்துச் சிரிக்கிறேன். கிடங்குப் பொறுப்பாளராகவே ஓய்வுபெற்ற உன் வீட்டுக்காரர், தச்சருக்காகச் சுவரை அளக்கப் போயிருக்கிறார். கம்பியின் கடைசியில் எதிலும் மாட்டாமல் ஒரு மூடி இருக்கிறது. உபயோகத்தில் இல்லாத உதிரி! கழற்றித் துடைத்து, வீட்டில் தன் ஸ்டோர் ரூமில் ஒரு டப்பாவில் போட்டு, மேலே சீட்டும் ஒட்டிவிட்டார். அவரைச் சந்தேகப்பட்டதற்கு என் பெயரே சாட்சி. கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தந்தாராமே. அந்த மனிதரையும் மெச்சத்தான் வேண்டியிருக்கிறது.

நாம் தட்டிக்கொண்டிருந்தபோது அவர் உன் பின்னால் நின்று பார்த்தார் என்றாய். என்ன சொன்னார் என்று கேட்டேன். "சாப்பிடப் போயிட்டார்" என்றாய். நாளை தச்சர் வருகிறார். உன் வீட்டுக்காரர் வார்த்தை தவறமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மகனுக்கு அறை வேண்டுமே, அதற்கு என்ன செய்வார்?

நாளைய சேதியையும் சேர்த்து அனுப்புகிறேன்.

*28, மதியம்.* இது உன் கைக்கு வரும்போது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் ஆசிரியர் அறையில் இருந்தேன். உன் சட்டத்தில் எழுத்து வந்தது. நீ இல்லை என்று உடனே தெரிந்தது. ஒற்றை விரல், ஒவ்வோர் எழுத்துக்கும் தேடல்.

"டீச்சரம்மா. நான்தான். அவ கடைக்குப் போயிருக்கா. தச்சரை என் ஸ்டோர் ரூம்ல அளவெடுக்கச் சொல்லிட்டேன். பையன் அங்க இருக்கட்டும். டப்பாவெல்லாம் மாடிப்படிக்குக் கீழ போகும். அவகிட்ட இப்ப சொல்லிடாதீங்க."

"ஏன்?" என்று கேட்டேன்.

ஒவ்வோர் எழுத்தாக வந்தது: "ஓன்னு கத்துவா. நேர்ல பார்க்கணும்."

மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரே எழுத்து, 'ஆ'வுக்கான பெரிய 'A', சட்டத்தின் அகலம் முழுக்க ஓடி, அடுத்த வரிக்கு இறங்கி, அதற்கும் அடுத்த வரிக்கு இறங்கி நிரம்பிக்கொண்டே போனது. நீ கடையிலிருந்து வந்துவிட்டாய் என்று தெரிந்தது. வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனேன்.