தொடாமல் எடுக்க வேண்டியவை

ஹைடா குவாய்,
சனிக்கிழமை

அன்பு மகள் லொரெய்னுக்கு,

அப்பா எழுதுவது. முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். அங்கே ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? எதையும் விட்டுவிடாமல் இருக்க வரிசையிட்டுக்கொள்கிறேன்:

1. என் முழங்கால்.
2. அலைதடுப்புச் சுவரின் பழுதுவேலை.
3. அபலோன்கள் செத்ததற்கு இயந்திரக்காரர்களே காரணம்.
4. உனக்கு அனுப்பும் பெட்டி.

முழங்கால் படியேறும்போது மட்டும்தான் வலிக்கிறது. சுவருக்குத் திங்களன்று புதுப் பாறைகளைக் கொட்டுகிறார்கள், அதற்குள் அங்கே பாறையில் ஒட்டியிருக்கும் அபலோன் நத்தைகளை எடுத்து அடுத்த வளைகுடாவில் விட்டாக வேண்டும், உன் அம்மா காதில் மின்னிய அந்த ஓட்டின் சொந்தக்காரர்கள்தான். பிடிக்கத் தடை வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, யாருக்கும் கைப்பழக்கம் இல்லை. பாடம் நடத்தியவன் என்று என்னிடம் முறையை எழுதித் தரச் சொன்னார்கள். மெல்லத் தொட்டு உயிர் இருக்கிறதா பார், அளந்து குறி, பிறகு தகட்டை நுழைத்து எடு என்று எழுதினேன். வியாழனன்று அறுபத்திரண்டு எடுத்துக் கூண்டில் வைத்தோம், வெள்ளியன்று பத்தொன்பது செத்துக் கிடந்தன. எனக்குக் கூட்டத்தில் பேச வராது, அன்று எப்படியோ எழுந்து, சுவர் வேலைக்கு வந்த இயந்திரத்தின் அதிர்வுதான் காரணம் என்று சொல்லிவிட்டேன். அதை ஓட்டும் டேல், நான் அந்தப் பக்கமே போகலையே சார் என்றான், யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு எழுதியபோது வெர்னா வந்தாள், உன் அம்மாவோடு அந்நாளில் அபலோன் எடுக்கப் போவாளே, அவள்தான். நேற்றுத்தான் மகன் வீட்டிலிருந்து திரும்பினாளாம். நான் எழுதிக் கொடுத்த முறைத் தாளைப் படித்துவிட்டு, ஏன் வாத்தியாரே, கதவைத் தட்டிட்டு, அது உள்ளே தாழ்ப்பாள் போட்டப்புறம் கையைப் பிடிச்சு இழுப்பீங்களா, உங்க பொண்டாட்டி இருந்திருந்தா இந்தத் தாளைச் சுருட்டியே உங்களைச் சாத்தியிருப்பா என்று சிரித்தாள். நான் எடுத்துவந்திருந்த செத்த ஒன்றை அவள் திருப்பிக் காட்டியபோது சிரிக்கவில்லை. அடிச்சதையில் வெட்டு. தொட்டவுடன் பாறையைக் கவ்விக்கொள்ளுமாம், பிறகு கிழியாமல் வராதாம், அதற்கு இரத்தம் உறையவும் உறையாதாம். அது அறியுமுன் ஒரே தள்ளில் எடுத்துவிட வேண்டுமாம்.

இன்னும் நூற்று நாற்பது இருக்கின்றன. நாளை விடிந்ததும் நீர் வற்றும், எல்லாரும் என் தாளோடு வந்து நிற்பார்கள். அதைத் திரும்ப வாங்க வேண்டும், டேல் முன்னால் சொல்லவும் வேண்டும். வெர்னா பக்கத்தில் நிற்கிறேன் என்றிருக்கிறாள்.

பெட்டியில் காய்ந்த சால்மனும் கடற்பாசியில் ஒட்டிய மீன்முட்டையும் இருக்கின்றன, ஈரம் படாமல் வை. ஆண்டவன் உங்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். ஞாயிறு மதியம் மறக்காமல் கூப்பிடு, சொன்னீர்களா என்று கேள்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. காரணம் நான். அதைக் கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன், டேலிடம் சொல்லிவிட்டு வந்து அடிப்பதாக இருந்தேன், ஆனால் தபால் இன்றே போகிறது.

உன் அப்பா,
வில்பர்ட்