அஞ்சலையின் கைக்கு ஒரு கத்தி

மச்சான்,

இன்று காலை சிதம்பரம் மேலவீதியில் ஓர் இரும்புக் கடை வாசலில் நின்றுவிட்டேன். சாக்கில் பரப்பியிருந்த மீன் கத்திகள் எல்லாவற்றிலும், பிடியும் அலகும் சேரும் இடத்தில் நீ வைத்த அந்த மேடு. "இது யார் யோசிச்சது தெரியுமா?" என்று கேட்டேன். "கத்திதானே சார், எல்லாப் பட்டறையிலயும் இப்பிடித்தான் அடிக்கிறாங்க" என்றார் கடைக்காரர். அதிலிருந்து ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை.

கடலூர் முதுநகரில் நாம் பட்டறை போட்டபோது, நீ வரைவாய், நான் அடிப்பேன்; ஊருக்கு அது 'பாய் பட்டறை'. கருவாட்டுக்கு மீன் கீறும் பெண்களுக்காக நீ வரைந்த முதல் கத்திக்குச் சொரசொரப்பான வேம்புப் பிடி. பார்க்க நன்றாக இல்லையென்று, உன்னைக் கேட்காமலே இழைத்து வார்னிஷ் பூசியவன் நான். அடித்த பன்னிரண்டு கத்திகளும் ஒரே நாளில் விற்றுப்போயின.

நான்காம் நாள், வாங்கிய பெண்களில் ஒருத்தியான அஞ்சலைக்குப் பிடி வழுக்கியது. விரல்கள் அலகின் மேல் ஓடி உள்ளங்கை வரை பிளந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு, "யாருய்யா இந்தக் கத்திய செஞ்சது?" என்று கேட்டாள். "நான்தாம்மா. தப்பு என்னுதுதான்" என்றாய். பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை.

மறுநாளே வீடு வீடாகப் போய் மற்றக் கத்திகளைத் திரும்ப வாங்கினாய்.

"விட்டுடு மச்சான், நம்ம பேரு கெட்டுப்போவும்."

"ஒரு கை கெட்டுப்போச்சேடா."

பிறகு ஒரு மாதம் துறைமுகத்திலேயே உட்கார்ந்திருந்தாய். ஈரத்தில் பிடி எப்படித் திரும்புகிறது, பகல் ஏற ஏற மணிக்கட்டு எங்கே தளர்கிறது என்று பார்த்தபடி. "வெட்டறது பெரிசில்ல, களைச்ச கைக்கும் அது அடங்கணும்" என்பாய். அப்படித்தான் அந்த மேடு வந்தது. விரல் முன்னே ஓடினால் அதில் முட்டி நின்றுவிடும். அலகை ஒரு விரல்கடை குறைத்து, எடையைப் பிடிப் பக்கம் இழுத்தாய். அழகுக்கென்று எதையும் சேர்க்கவில்லை. ஆனாலும் கையில் எடுத்தவர்கள் கீழே வைக்க மனமில்லாமல் நின்றார்கள். மற்றப் பட்டறைகள் அதைப் பார்த்து அடித்தபோது எனக்குக் கோபம். "அடிக்கட்டும், இன்னும் நாலு கை தப்பிக்கும்" என்றாய்.

அஞ்சலை அதற்குள் பரங்கிப்பேட்டையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போய்ப் பார்க்கும் தைரியம் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

நீ காய்ச்சலில் கிடந்தபோது மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். நான் ஆரம்பிக்கும் முன்பே, "அந்தம்மா விரலு இப்ப மடங்குதா?" என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. "மடங்குது" என்று சொல்லிவிட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். இரண்டு நாளில் போய்விட்டாய்.

போன மாதம் பரங்கிப்பேட்டைக்குப் போய் அவளிடம் வார்னிஷ் கதையைச் சொன்னேன். "அந்த பாய் உசுரோட இருக்கறப்ப இத வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். பிறகு, நான் கேட்காமலே, கையை நீட்டி மடக்கிக் காட்டினாள்.

மூன்று விரல்கள் மடங்கின. சுண்டுவிரல் நேராகவே நின்றது, மச்சான்.